காய்ச்சலுக்கும் ஒரு விலாசம் வேண்டும்



"பி.எச்.ஐ. வர்றாரு" என்ற சத்தம் கேட்டதும் நம் லயங்களில் என்ன நடக்கும் என்று எல்லோருக்கும் தெரியும். தண்ணி நிற்கிற டயரைப் பின்பக்கம் உருட்டிவிடுவோம். உடைந்த வாளியைக் கவிழ்ப்போம். "பிள்ளைக்குக் காய்ச்சலா?" என்று அவர் கேட்டால், "இல்லீங்க ஐயா, சும்மா தடிமன்தான்" என்று சொல்லி அனுப்பிவிடுவோம். வழக்கு எழுதிவிடுவாரோ என்ற பயம் ஒரு பக்கம். "இவரு வந்து என்னத்தப் பண்ணப் போறாரு" என்ற சலிப்பு இன்னொரு பக்கம். இரண்டும் காரணமில்லாமல் வந்தவை என்று நாம் சொல்ல மாட்டோம். ஆனால் அவர் கையில் ஒரு கடதாசி இருக்கிறதே, அது எங்கே இருந்து வந்தது, எங்கே போகிறது என்று நம்மில் பலருக்குத் தெரியாது. இந்த முறை அதைப் பற்றித்தான் பேசப் போகிறோம்.

கொழும்பு 10இல் சுகாதார அமைச்சைச் சேர்ந்த தொற்றுநோயியல் பிரிவு என்று ஒரு காரியாலயம் இருக்கிறது. அங்கே போய் மருந்து எடுக்க முடியாது. வார்டும் இல்லை, கட்டிலும் இல்லை. நாடு முழுவதும் எந்த நோய், எந்த ஊரில், எத்தனை பேருக்கு வந்திருக்கிறது என்று எண்ணிக்கொண்டே இருப்பதுதான் அங்கே முக்கியமான வேலை. எண்ணிக்கை கூடினால் ஏன் கூடியது என்று தேடுவார்கள், எச்சரிப்பார்கள், என்ன செய்ய வேண்டும் என்று மாவட்டத்துக்குச் சொல்லுவார்கள். நம் பிள்ளைகளுக்குக் கிளினிக்கில் போடுகிற தடுப்பூசித் திட்டத்தையும் இவர்கள்தான் நாடு முழுவதற்கும் பார்த்துக்கொள்கிறார்கள். இலங்கையில் கடைசியாக ஒரு பிள்ளைக்குப் போலியோ வந்தது 1993இல். இன்றைக்கு நம் லயத்து இளசுகளுக்கு இளம்பிள்ளை வாதம் என்ற சொல்லே புதுசாக இருக்கிறது. டொக்டர் ஒரு ஆளின் கையைப் பிடித்து நாடி பார்க்கிறார். இந்தப் பிரிவு நாட்டின் நாடியைப் பார்க்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

கொழும்பில் உட்கார்ந்திருக்கிறவர்களுக்கு, இரத்தோட்டைக்கு மேலே ஒரு மலையில், கடைசி லயத்தில், ஒரு அக்காவுக்குக் காய்ச்சல் என்று எப்படித் தெரியும்? இதற்கு ஒரு வழி இருக்கிறது. அந்த அக்கா மாத்தளை வைத்தியசாலைக்குப் போகிறார் என்று வைத்துக்கொள்வோம். அவரைப் பார்க்கிற வைத்தியர் எலிக்காய்ச்சல் என்று சந்தேகப்பட்டால் எச். 544 என்ற படிவத்தை நிரப்ப வேண்டும். சந்தேகமே போதும். இரத்தப் பரிசோதனை முடிவு வரும்வரை காத்திருக்கத் தேவையில்லை. டெங்கு, எலிக்காய்ச்சல், நெருப்புக் காய்ச்சல், வயிற்றுளைச்சல், செங்கமாரி, சின்னமுத்து என்று, கட்டாயம் அறிவிக்க வேண்டிய நோய்களுக்கு ஒரு பட்டியலே இருக்கிறது. கொலரா, பிளேக் மாதிரி பயங்கரமானவை என்றால் கடதாசிக்குக் காத்திராமல் உடனேயே தொலைபேசியில் சொல்ல வேண்டும். அரசாங்க வைத்தியர்கள் மட்டும் செய்ய வேண்டிய வேலை என்று நினைக்க வேண்டாம். நோய்க்கு வைத்தியம் பார்க்கிற எவருக்கும் சட்டத்தில் இந்தக் கடமை உண்டு. டவுனில் பணம் வாங்கி மருந்து கொடுக்கிற டிஸ்பென்சரி டொக்டரும் அதில் அடக்கம்.

அந்தப் படிவம் நோயாளி குடியிருக்கிற பிரதேசத்தின் சுகாதார வைத்திய அதிகாரிக்கு, அதாவது எம்.ஓ.எச்.சுக்குப் போகும். அவர் அதைப் பதிவேட்டில் ஏற்றி, அந்தப் பகுதிக்குப் பொறுப்பான பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் கொடுப்பார். நம் வாசலில் வந்து நிற்கிற பி.எச்.ஐ.யின் கையில் இருப்பது அதுதான். அவர் வந்து விசாரித்து, யாருக்கு, எப்போதிருந்து, எங்கே வேலை செய்தார், எந்தத் தண்ணி குடித்தார், வீட்டில் வேறு யாருக்கும் இருக்கிறதா என்று எழுதி எம்.ஓ.எச்.சிடம் கொடுப்பார். எம்.ஓ.எச். காரியாலயம் வாரம் ஒருமுறை எல்லாவற்றையும் கூட்டி, மாவட்டத்துக்கும் கொழும்புக்கும் அனுப்பும். தொற்றுநோயியல் பிரிவு ஒவ்வொரு வாரமும் வெளியிடுகிற அறிக்கையில் மாவட்டவாரியாக ஒரு அட்டவணை வரும். அதில் மாத்தளைக்கு ஒரு வரி இருக்கும். டெங்கு இத்தனை, எலிக்காய்ச்சல் இத்தனை, செங்கமாரி இத்தனை. அறிக்கைகள் நேரத்துக்கு வந்தனவா, முழுதாக வந்தனவா என்றுகூட அந்த வரியின் ஓரத்தில் போட்டிருப்பார்கள்.

அந்த ஒரு வரியில் நம் அக்காவின் காய்ச்சலும் ஒன்றாக விழுந்ததா என்பதுதான் கேள்வி. விழுந்தால், அதே வாரம் பக்கத்துத் தோட்டத்தில் இன்னும் நாலு பேர் விழுந்திருந்தால், ஆட்கள் வருவார்கள். தண்ணியைப் பரிசோதிக்க எடுப்பார்கள், மருந்து கொடுப்பார்கள், புகை அடிப்பார்கள். விழாவிட்டால், கொழும்பைப் பொறுத்தவரைக்கும் அந்த லயத்தில் எல்லோரும் சுகம்.

நம் பக்கத்தில் பல காய்ச்சல்கள் அந்த வரிக்குப் போய்ச் சேராமல் வழியிலேயே நின்றுவிடுகின்றன. முதல் காரணம் நாட்கூலி. வைத்தியசாலைக்குப் போனால் ஒரு நாள் பேர் போய்விடும், பஸ்ஸுக்கும் காசு வேண்டும். ஆகவே "ரெண்டு நாள் பார்ப்போம்" என்று பரசிட்டமோல் போட்டுக்கொண்டு மலைக்கு ஏறிவிடுகிறோம். இதைக் குற்றமாகச் சொல்ல நமக்கு மனம் வரவில்லை; அடுப்பு எரிய வேண்டுமே. அடுத்தது தோட்ட டிஸ்பென்சரி. அங்கே மருந்து கொடுத்து அனுப்பினால், அந்தக் காய்ச்சல் அங்கே இருக்கிற புத்தகத்தில் ஒரு பெயரோடு முடிந்துவிடுகிற இடங்கள் உண்டு. எம்.ஓ.எச்.சுக்கு எழுதிப் போட்டால்தான் அது வெளியே போகும். நல்ல தோட்ட வைத்திய உத்தியோகத்தர்கள் ஒழுங்காக எழுதுகிறார்கள். எழுதாத இடத்தில் கேட்கிறவர் இல்லை.

மூன்றாவது காரணத்தைப் பற்றி நாம் கொஞ்சம் அதிகமாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் அதைப் பற்றி யாரும் பேசுவதில்லை. அதுதான் விலாசம். வைத்தியசாலையில் பதிவு செய்கிற இடத்தில் "விலாசம்?" என்று கேட்டால் நாம் என்ன சொல்லுகிறோம்? தோட்டத்தின் பெயரைச் சொல்லுவோம், அதற்குப் பிறகு மாத்தளை என்போம். அவ்வளவுதான். கிராமத்துக்காரருக்கு வீட்டு இலக்கம் இருக்கிறது, வீதியின் பெயர் இருக்கிறது, கிராம சேவகர் பிரிவு இருக்கிறது. நமக்கு இன்னும் பல தோட்டங்களில் காம்பராவுக்கு இலக்கமே இல்லை. கடிதம்கூட ஆபீசுக்கு வந்து, அங்கேயிருந்துதான் பிரித்துக் கொடுக்கப்படுகிறது. ஒரு தோட்டத்தில் மூன்று டிவிஷன், டிவிஷனுக்குப் பத்து லயம், மலைக்கு அந்தப் பக்கம் ஒன்று இந்தப் பக்கம் ஒன்று. கடதாசியில் வெறும் தோட்டத்துப் பெயரோடு ஒரு செல்வராணியோ ஒரு ராமையாவோ இருந்தால், அந்தப் பி.எச்.ஐ. எங்கே போய்த் தேடுவார்? அதே பெயரில் நாலு பேர் இருப்பார்கள். ஆபீசில் கேட்டால் கிளாக்கர் ஐயா ஒரு பக்கம் கையைக் காட்டுவார். பொழுது சாய்ந்துவிடும். கடைசியில் "விலாசம் கண்டுபிடிக்க முடியவில்லை" என்று எழுதி அந்தக் கடதாசி மூடப்பட்டுவிடும். டெங்கு நுளம்பு மட்டும் விலாசம் கேட்பதில்லை.

கொழும்பில் கடையிலோ வீட்டிலோ வேலை செய்கிற நம் பிள்ளைகள் விஷயம் இன்னும் சிக்கல். காய்ச்சலோடு தைப்பொங்கலுக்கு வீட்டுக்கு வந்து மாத்தளையில் வார்டில் படுத்தால், எங்கே பிடித்த காய்ச்சல் என்று சொன்னால்தானே அங்கே உள்ளவர்கள் தேட முடியும். இரண்டு விலாசத்தையும் சொல்ல வேண்டும்.

இதெல்லாம் பெரிய விஷயமா என்று கேட்கிறவர்கள் 2008ஐ நினைத்துப் பார்க்கட்டும். அந்த வருஷம் எலிக்காய்ச்சல் இலங்கை முழுவதும் 7,000 பேருக்கு மேல் பரவியது. 200 பேரளவில் இறந்து போனார்கள். மோசமாக அடிபட்ட மாவட்டங்களில் மாத்தளையும் ஒன்று. ஒவ்வொரு வைத்தியசாலையில் இருந்தும் ஒன்று, இரண்டு என்று வந்த கடதாசிகள் சேர்ந்துதான் வழக்கத்தைவிடப் பல மடங்கு கூடியிருக்கிறது என்று காட்டின. தனித்தனியாகப் பார்த்த வைத்தியர் ஒருவருக்கு அது வெறும் காய்ச்சல் நோயாளிதான்.

எலிக்காய்ச்சல் எலியின் மூத்திரத்தில் இருந்து வருகிறது. மாடு, நாய் மூலமாகவும் வரும். அந்த மூத்திரம் கலந்த சேற்றிலும் தண்ணியிலும் வெறுங்காலோடு இறங்கினால், காலில் உள்ள வெடிப்பு, கீறல், அட்டை கடித்த புண் வழியாகக் கிருமி உள்ளே போய்விடும். மாத்தளையில் நம் ஆட்கள் பலர் தோட்ட வேலை இல்லாத நாளில் கிராமத்து வயலுக்குக் கூலிக்குப் போகிறார்கள். கான் வெட்டுகிறார்கள். லயத்துக்குப் பின்னால் அடைபட்ட கானில் எலி ஓடுவது நமக்குப் புதிதில்லை. கடுமையான காய்ச்சல், தலையிடி, கெண்டைக்கால் தசையில் தொட முடியாத நோவு, கண் சிவப்பது, மூத்திரம் குறைவது, கண் மஞ்சளாவது எல்லாம் இதன் அடையாளங்கள். மூத்திரம் குறைந்துவிட்டது என்றால் அந்த நிமிஷமே பெரிய வைத்தியசாலைக்குப் போக வேண்டும். சிறுநீரகம் அடிபடத் தொடங்கிவிட்டது என்று அர்த்தம். வயலில் இறங்குகிறவர்களுக்கு முன்கூட்டியே எடுக்க டொக்சிசைக்கிளின் என்ற மாத்திரையை எம்.ஓ.எச். காரியாலயத்தில் இலவசமாகக் கொடுக்கிறார்கள். கிராமத்து விவசாயிகள் கேட்டு வாங்குகிறார்கள். நம் ஆட்களுக்கு அப்படி ஒன்று இருப்பதே தெரியாது. கர்ப்பிணிகளுக்கும் பால் கொடுக்கும் தாய்மாருக்கும் சின்னப் பிள்ளைகளுக்கும் அது ஒத்துவராது. ஆகையால் அடுத்தவர் மாத்திரையை வாங்கிப் போடாமல், நீங்களே போய்க் கேட்டு எடுங்கள்.

தோட்டத்துச் சுகாதாரம் மட்டும் ஏன் இப்படித் தனியாக நிற்கிறது என்று கேட்டால் பழைய கதைக்குப் போக வேண்டும். அந்தக் கதைக்கு மாத்தளைதான் வாசல். கோப்பிக் காலத்தில் நம் பாட்டன் பூட்டன் தலைமன்னாரில் இறங்கி, காட்டுப் பாதையில் மிகிந்தலை, தம்புள்ளை, நாலந்தை வழியாக நடந்து மாத்தளைக்கு வந்துதான் மலைநாட்டுக்கு ஏறினார்கள். அந்தப் பாதையில் கொலராவும் அம்மையும் அவர்களோடு நடந்தன. விழுந்தவர்களை விட்டுவிட்டு மற்றவர்கள் நடந்தார்கள். மாத்தளை முத்துமாரியம்மனைக் கும்பிடும்போது, அம்மை நோய்க்கும் மாரிக்கும் நம் சனங்கள் வைத்த உறவை நினைத்தால் இது புரியும். அரசாங்கம் பாதையோரம் தங்குமடமும் கிணறும் வைத்தியக் கொட்டிலும் போட்டது உண்மை. ஆனால் அன்றைய கவலை, வருகிறவன் பிழைக்க வேண்டும் என்பதைவிட, அவன் கொண்டுவருகிற நோய் மற்றவர்களுக்குப் பரவக்கூடாது என்பதாகத்தான் பெரும்பாலும் இருந்தது. 1897இல் தனிமைப்படுத்தல் மற்றும் நோய்த்தடுப்புக் கட்டளைச் சட்டம் வந்தது. இந்தியாவில் பிளேக் பரவியதைச் சொல்லிக் கொஞ்ச காலத்தில் அந்த வடக்குப் பாதை மூடப்பட்டது. பிறகு வந்தவர்களை அக்கரையில் மண்டபம் முகாமிலேயே சில நாள் நிறுத்தி, அம்மைப்பால் குத்தித்தான் கப்பல் ஏற்றினார்கள். அந்த 1897ஆம் ஆண்டுச் சட்டம் இன்னும் சாகவில்லை. 2020இல் கொரோனாவுக்கு நம்மை எல்லாம் வீட்டுக்குள் இருக்கச் சொன்னதும் அதே சட்டத்தின் கீழ்தான்.

தோட்டத்துக்குள்ளே வந்த பிறகு நம் நோய் துரைமாரின் பொறுப்பு என்று விட்டுவிட்டார்கள். 1912இல் அதற்கென்றே சட்டங்கள் போட்டார்கள். தோட்ட டிஸ்பென்சரியும் தோட்ட வைத்தியசாலையும் வளர்ந்தது அப்படித்தான். கிராமத்துக்கு அரசாங்கம், தோட்டத்துக்குத் தோட்டம் என்று இரண்டு வழி உண்டானது. தோட்ட வைத்தியசாலைகளை அரசாங்கம் பொறுப்பேற்கத் தொடங்கியது 1990களில்தான். இன்னும் முடியவில்லை.

இதிலே ஒரு வேடிக்கை உண்டு. இன்றைக்கு நாடு முழுவதும் இருக்கிற எம்.ஓ.எச். முறைக்கு விதை போட்டதே மாத்தளைத் தோட்டங்கள்தான் என்று சொல்லலாம். 1916இல் அமெரிக்காவின் றொக்ஃபெல்லர் மன்றம் இலங்கையில் கொளுக்கிப்புழு ஒழிப்பு வேலையை ஆரம்பித்தது மாத்தளைத் தோட்டத் தொழிலாளர் மத்தியில். மலத்தில் வெளியேறிய முட்டை ஈர மண்ணில் புழுவாகி, வெறுங்கால் வழியாக ஏறி, குடலில் தங்கி இரத்தத்தை உறிஞ்சும் நோய் அது. மருந்து கொடுத்தார்கள், புழு விழுந்தது. கொஞ்ச நாளில் திரும்பவும் வந்தது. ஏன்? லயத்தில் கக்கூஸ் இல்லை. கக்கூஸ் கட்டச் செலவாகும் என்று பல துரைமார் பின்வாங்கினார்கள். மருந்தை மட்டும் கொடுத்துக்கொண்டிருந்தால் போதாது, ஒரு பகுதியின் தண்ணி, கக்கூஸ், தாய் பிள்ளை, தொற்றுநோய் எல்லாவற்றுக்கும் ஒரே காரியாலயம் பொறுப்பாக இருக்க வேண்டும் என்ற யோசனை அதிலிருந்து வளர்ந்தது. 1926இல் களுத்துறையில் முதல் சுகாதாரப் பிரிவு திறக்கப்பட்டது. அந்த முறை கிராமமெல்லாம் போய், பாடம் தொடங்கிய தோட்டத்துக்குத்தான் கடைசியாக வந்தது.

எண்ணுகிற வேலை சின்ன வேலை என்று நினைக்கிறவர்களுக்கு மலேரியாவின் கதையும் தெரிய வேண்டும். 1934, 1935 காலத்துப் பெரும் மலேரியாவில் நாட்டில் சுமார் 80,000 பேர் இறந்தார்கள். அதன் பிறகு டி.டி.ரி. மருந்து அடித்து, இரத்தம் எடுத்துப் பார்த்து, 1963இல் நாடு முழுவதும் 17 நோயாளிகள் என்ற நிலைக்குக் கொண்டுவந்துவிட்டார்கள். போய்விட்டது என்று மருந்து அடிப்பதை நிறுத்தினார்கள், தேடிப் பார்ப்பதும் தளர்ந்தது. 1969இல் 5 லட்சத்துக்கும் மேற்பட்டோருக்கு மலேரியா. ஆறே வருஷம்! மறுபடியும் முதலில் இருந்து தொடங்கி, உள்ளூரில் பிடித்த கடைசி மலேரியா 2012 ஒக்டோபரில் பதிவானது. 2016 செப்டெம்பரில் உலக சுகாதார நிறுவனம் இலங்கையை மலேரியா இல்லாத நாடு என்று அறிவித்தது. நுளம்பு இன்னும் இங்கேதான் இருக்கிறது. இந்தியாவுக்குக் கோயில் குளம் என்றும், உறவுக்காரரைப் பார்க்கவும் போய்வருகிறவர்கள் நம்மில் உண்டு. வந்த பிறகு காய்ச்சல் என்றால், போய்வந்ததை வைத்தியரிடம் வாயைத் திறந்து சொல்ல வேண்டும். கேட்டால்தான் சொல்லுவேன் என்று இருக்க வேண்டாம்.

இனி நாம் செய்யக்கூடியது. வைத்தியசாலையில் விலாசம் கேட்டால் தோட்டம், டிவிஷன், லயத்தின் இலக்கம், எத்தனையாவது காம்பரா, கிராம சேவகர் பிரிவு, ஒரு தொலைபேசி இலக்கம் எல்லாவற்றையும் சொல்லுங்கள். சிங்களத்தில் சொல்லச் சிரமம் என்றால் ஒரு துண்டில் எழுதி கிளினிக் கொப்பியின் மட்டைக்குள்ளே வைத்துக்கொள்ளுங்கள். பள்ளிக்கூடத்துப் பிள்ளை எழுதித் தரும். லயத்துக்கு இலக்கம் இல்லாவிட்டால், சுவரில் ஒரு இலக்கம் போட்டுத் தரும்படி தலைவர்மார் தோட்ட ஆபீசில் கேட்கலாம். ஒரு டப்பா பெயிண்டின் செலவுதான். தோட்ட டிஸ்பென்சரியில் செங்கமாரி என்றோ வயிற்றுளைச்சல் என்றோ சொல்லி மருந்து கொடுத்தால், "எம்.ஓ.எச்.சுக்கு எழுதினீங்களா ஐயா?" என்று மரியாதையாகக் கேட்பதில் தப்பில்லை.

காய்ச்சலுக்குப் பரசிட்டமோலைத் தவிர வேறு நோவு மாத்திரை எதுவும் கடையில் வாங்கிப் போட வேண்டாம். டெங்காக இருந்தால் இரத்தம் கசியும். இரண்டு நாளுக்கு மேல் காய்ச்சல் நின்றால் மூன்றாம் நாள் வைத்தியரிடம் போக வேண்டும். அதற்கு முன்பே வயிற்று நோவு, விடாத வாந்தி, தலைச்சுற்று வந்தால் அப்போதே போங்கள். நடக்க முடியாத நிலை என்றால் 1990க்கு அழைத்தால் இலவச அம்பியூலன்ஸ் வரும். அவர்களுக்கும் டிவிஷனையும் லயத்தையும் சொல்லத்தான் வேண்டும்.

ஒரே லயத்தில் ஒரே வாரத்தில் இரண்டு மூன்று பேருக்கு வயிற்றோட்டமோ செங்கமாரியோ வந்தால், அது பீலித் தண்ணியில் இருந்து வந்திருக்கலாம். அன்றைக்கே மருத்துவமாதுக்கோ பி.எச்.ஐ.க்கோ சொல்லிவிட்டு, தண்ணியைக் கொதிக்க வைத்துக் குடியுங்கள். உக்குவளையா, இரத்தோட்டையா, மாத்தளையா, எந்த எம்.ஓ.எச். காரியாலயம் உங்கள் தோட்டத்துக்குப் பொறுப்பு என்று மருத்துவமாதுக்குத் தெரியும். அந்த இலக்கத்தைக் கேட்டு வாங்கி, பிள்ளைமடுவத்தின் சுவரில் எல்லோருக்கும் தெரிகிற மாதிரி எழுதி வையுங்கள்.